பிறேக் இல்லாத வண்டியும் பெல் வியூ வீரர்களும்

பிறேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஏறி ஓட்டப்போகிறேன் என்று வீட்டிலே ஒரு பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்வோம்? தாயார் தலையில் அடித்துக்கொள்வார். தகப்பனார் சாவியைப் பறித்துப் பெட்டியிலே பூட்டிவைப்பார். ஆனால், இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள மான்செஸ்ரர் மாநகரத்து மக்களோ, சனிக்கிழமை இரவுகளில் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சென்று, அத்தகைய வண்டிகளை ஓட்டியவர்களைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். அவ்வோட்டிகளின் பெயர்களைத் தம் உறவினரின் பெயர்கள்போல் மனத்திலே பதித்து வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான பின்பும் அப்பெயர்கள் அங்கே மறக்கப்படவில்லை.

இந்தப் பந்தயத்துக்கு 'ஸ்பீட்வே' என்று பெயர். நீள்வட்டமான மண்பாதை ஒன்றிலே ஒரே நேரத்தில் நால்வர் ஓடுவர். கழகத்துக்கு இருவராக இரு கழகத்தாரும் இறங்குவர். சுற்றுக்கள் நான்கு. ஒரு நிமிடம், அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல்வனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று. கடைசியாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை. இப்படிப் பல ஓட்டங்கள் நடந்து, இரவின் முடிவில் எந்தக் கழகம் கூடிய புள்ளி சேர்த்ததோ அதுவே வென்றதாகும். வண்டியின் எஞ்சின் 500 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. குடிப்பது பெற்றோல் அன்று, மெதனோல். கியர் ஒன்றே ஒன்று. பிறேக் கிடையவே கிடையாது.

பிறேக் இன்றி வளைவிலே எப்படித் திரும்புவது என்று மாணவர்கள் வினவுவார்கள். வினவவும் வேண்டும். ஓட்டமெல்லாம் இடப்பக்கமாகவே சுற்றிச் செல்லும். வளைவை அண்மியதும் ஓட்டி வண்டியை இடப்பக்கம் சாய்த்து, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்புறமாக வழுக்க விடுகிறான். வண்டி தன்னைச் சுற்றிக் கவிழ்ந்துவிடாதபடி முன்சக்கரத்தை நேரெதிராக வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கிறான். இரும்புத் தகடு பொருத்திய இடது சப்பாத்தை நிலத்திலே ஊன்றி இழுத்துக்கொண்டு போகிறான். வண்டியின் முகம் வளைவின் உட்புறத்தை நோக்கியிருப்பதால், சுழலும் பின்சக்கரம் உந்தும் வலுவே அதை வளைவுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. பௌதிகம் கற்பிக்கும் என் சக ஆசிரியர் ஒருவரிடம் இதை நான் விவரித்தபோது, அவர் கரும்பலகையிலே அம்புக்குறிகள் போட்டுப் பார்த்துவிட்டு, "கணக்குச் சரிதான், ஆனால் ஏறுகிறவனுக்குத்தான் புத்தி சரியில்லை" என்றார். அந்த முடிவைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ற் மெயிற்லண்ட் என்னும் ஊரிலே 1923 ஆம் ஆண்டு நடந்த விவசாயக் கண்காட்சிப் பந்தயங்களிலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்தது என்பர். 1928 பெப்ரவரி 19 ஆம் திகதி லண்டனுக்கு அருகேயுள்ள ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயம் இங்கிலாந்து மக்களைப் பைத்தியமாக்கிவிட்டது. அதே ஆண்டிலேயே மான்செஸ்ரருக்கும் அது வந்து சேர்ந்தது. முதலில் நாய்ப் பந்தய மைதானத்திலே ஓடியவர்களுக்கு 1929 இல் ஹைட் றோட் என்ற தெருவோரம் சொந்த மைதானம் அமைந்தது. அதுவே 'பெல் வியூ ஏசஸ்' கழகத்தின் வீடு.

பெல் வியூ என்பது வெறும் மைதானத்தின் பெயரன்று. 1836 இலே ஜோன் ஜெனிசன் என்பவர் தொடங்கிய மிருகக்காட்சிச்சாலையும் பூங்காவும் சேர்ந்த பெரிய களியாட்டத் தோட்டம் அது. எடின்பரோ நகரில் 1872 ஆம் ஆண்டு நடந்த ஏலமொன்றிலே 'மகாராஜா' என்னும் ஆசிய யானையை இத்தோட்டத்தார் வாங்கினார்களாம். ஏற்றிவந்த புகைவண்டிப் பெட்டியை யானையார் உடைத்து நொறுக்கிவிட, பாகன் அவரைப் பத்து நாட்களாகச் சாலை வழியே நடத்தியே கொண்டுவந்து சேர்த்தான். அந்த யானையின் எலும்புக்கூட்டை மான்செஸ்ரர் நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். பகலிலே யானை பார்த்த பிள்ளைகள் இரவிலே மோட்டார் சைக்கிள் பார்த்தார்கள் என்றால், அந்தத் தோட்டம் அவர்களுக்கு எத்தகைய சுவர்க்கமாய் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆரம்ப காலத்து வீரர்களில் மக்களின் நாவிலே முதலில் வருபவர் பிராங் வேரி. இவர் ஆர்ஜன்ரீனாவுக்குப் பந்தயம் ஓடச் சென்றிருந்தபோது, இவருடைய சிவப்பு உடையையும் அஞ்சாத வேகத்தையும் கண்ட அந்நாட்டார், 'சிவப்புப் பிசாசு' என்று பொருள்படும் பட்டத்தைத் தம் மொழியிலே சூட்டிவிட்டார்கள். ஒரு காலை முன்னே ஊன்றும் வழக்கம் பரவுவதற்கு முந்திய பழைய பாணிக்காரர். காலைப் பின்னே நீட்டி இழுத்துக்கொண்டு, மண்ணை மழையாகப் பொழியவிட்டு ஓடுவார். பின்னால் வந்தவன் கண்ணைத் திறக்க முடியாது. நாகரிகமான ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாதுதான். ஆயினும் சனங்கள் கொடுத்த காசு அதிலேயே தீர்ந்துவிடும்.

வேரிக்கு நேர்மாறானவர் எரிக் லாங்ரன். 1933 முதல் 1936 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பெல் வியூ தேசிய லீக் வெற்றியைத் தட்டிக்கொண்டது. அந்தக் கழகத்தின் தூண் இவர். ஆனால் இவரை உலகம் நினைப்பது ஒரு தோல்விக்காக. 1936 செப்டெம்பரிலே வெம்பிளி மைதானத்தில் முதலாவது உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது. அவுஸ்திரேலியரான புளூவி வில்கின்சன் அன்றிரவு ஓடிய ஐந்து ஓட்டங்களையும் வென்றார். ஆனாலும் கிண்ணம் அவருக்கில்லை! முந்திய சுற்றுக்களிலே சேர்த்த புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் விதி அப்போது இருந்தது. கூட்டியபோது லாங்ரனும் அவுஸ்திரேலியரான லயனல் வான் பிராக்கும் தலைக்கு 26 புள்ளியோடு சமமாக நின்றார்கள், வில்கின்சனுக்கு 25. ஆகவே சமமானவர் இருவரும் தனியே ஓடித் தீர்க்கவேண்டியதாயிற்று.

புறப்படும் இடத்திலே குறுக்கே கட்டிய நாடாவை லாங்ரன் முந்திப் பாய்ந்து அறுத்துவிட்டார். விதிப்படி அவர் விலக்கப்படவேண்டியவர். வான் பிராக் ஒரு சொல் சொல்லாமல் நின்றிருந்தாலே கிண்ணம் அவர் கைக்கு வந்திருக்கும். அவரோ, ஓடாமல் வெல்ல எனக்கு விருப்பமில்லை என்று மறு ஓட்டம் கேட்டார். மறுபடியும் ஓடினார்கள். லாங்ரன் முன்னே, நான்காம் சுற்றின் கடைசி வளைவு வரையும் முன்னே. அந்த வளைவிலே கிடைத்த சிறு இடைவெளியால் நுழைந்து, ஒரு சக்கர நீளம்கூட இல்லாத வித்தியாசத்தில் வான் பிராக் வென்றார். முதல் வளைவை யார் முதலில் அடைகிறாரோ அவரையே வெல்ல விடுவதென்று இருவரும் இரகசியமாகப் பேசிக்கொண்டார்கள் என்றும், வாக்குத் தவறியவர் பின்னர் மனச்சாட்சி உறுத்தி 50 பவுண் கொடுத்தார் என்றும் ஒரு கதை பிற்காலத்தில் உலாவியது. உண்மையானால் முதலில் காட்டிய பெருந்தன்மையின் நிறம் கொஞ்சம் மாறிவிடுகிறது. எப்படியாயினும் மான்செஸ்ரர்வாசிகளுக்கு அன்று தோற்ற லாங்ரனே வீரர்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது நாட்டிலுள்ள ஏனைய மைதானங்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. பெல் வியூ மாத்திரம் யுத்தகாலம் முழுவதும் பந்தயத்தைக் கைவிடவில்லை. வேறு வேறு கழகத்து வீரர்கள், விடுமுறையிலே வந்த படைவீரர்கள் ஆகியோரெல்லாம் அங்கே ஓடினார்கள். யுத்தம் முடிந்தபின் ஜக் பாக்கர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய மனிதர். வாலிபர்களோடு மோதி 1949 ஆம் ஆண்டு உலக இறுதிப் போட்டியிலே இரண்டாம் இடத்தைப் பெற்றார். அவ்வாண்டு மூன்றாமிடமும் பெல் வியூ வீரரான லூயி லோசனுக்கே. இருவர் மட்டும் நேருக்கு நேர் மோதும் தனிப் பந்தயங்களிலே பாக்கரின் தந்திரம் பழைய பெருச்சாளியின் தந்திரம். எதிராளியின் மனத்தை ஓட்டம் தொடங்குமுன்பே கலைத்துவிடுவார்.

இனி நான் சொல்ல வந்தவரிடம் வருகிறேன்.

பீற்றர் கிறேவன் 1934 ஆம் ஆண்டு லிவர்பூல் நகரிலே பிறந்தவர். சிறிய உருவம். தோலாடையும் தலைக்கவசமும் அணிந்து வண்டிமேல் உட்கார்ந்தால், தமையனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்ட பையனைப்போல் தோன்றுவார். சொந்த ஊரிலே தொடங்கிய முதல் முயற்சிகள் அத்துணை நம்பிக்கை தருவனவாக இல்லை. 1952 இல் பெல் வியூவுக்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில், 1955 இல், 21 வயதிலே வெம்பிளியில் உலகக் கிண்ணத்தை வென்றார்!

இவரை 'சமநிலையின் மந்திரவாதி' என்று அழைத்தார்கள். பலம் மிக்கவர்கள் வண்டியைத் தம் தோள் வலியால் அடக்குவர். கிறேவனுக்கு அந்தத் தோள் இல்லை. ஆகவே தம் உடலையே ஒரு தராசுத் தட்டுப்போல் பயன்படுத்தினார். முன்னே தொங்குவார், பக்கத்திலே சரிவார், வண்டி துள்ளும்போது தாமும் துள்ளுவார். விழுந்துவிட்டார் என்று பார்ப்பவர் மூச்சடக்கும் கணத்திலே நிமிர்ந்து அடுத்தவரைக் கடந்து போய்விடுவார். நியூசிலாந்தின் பாரி பிறிக்ஸ், ரொனி மூர், சுவீடனின் ஓவே பண்டின் முதலான மாவீரர்கள் ஓடிய காலம் அது. அவர்களிடையே 1962 இல் மறுபடியும் உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றினார். இங்கிலாந்தில் பிறந்த ஒருவர் இரண்டு தடவை அதனை வென்றது அதுவே முதல் முறை. அதற்கு இணையான செயலை வேறோர் ஆங்கிலேயர் செய்வதற்கு 2015 ஆம் ஆண்டு வரை, ரை வொபிண்டன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

1963 செப்டெம்பர் 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை. எடின்பரோவின் ஓல்ட் மெடோபாங்க் மைதானத்தில் அவ்வூர்க் கழகத்தோடு ஒரு போட்டி. உலகக் கிண்ணம் அன்று; லீக் வெற்றியும் அதில் தங்கியிருக்கவில்லை. கிறேவனுக்கு முன்னே எடின்பரோவின் வாலிப வீரர் ஜோர்ஜ் ஹன்ரர் ஓடிக்கொண்டிருந்தார். ஹன்ரர் திடீரென்று விழுந்தார். பின்னால் வந்தவருக்குப் பிறேக் இல்லை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். நிறுத்த முடியாது. நேரே போனால் கிடப்பவர்மேல் ஏறவேண்டும், விலகினால் வேலி. யோசிப்பதற்கு அங்கே நேரமில்லை; ஒருவன் எத்தகையவனோ அப்படியே அவன் கை திரும்பும். கிறேவனுடைய கை வேலிப் பக்கம் திரும்பியது.

நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, செப்டெம்பர் 24 ஆம் திகதி வைத்தியசாலையிலே காலமானார். வயது 29. மனைவியையும் சிறு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். அதே ஆண்டு பெல் வியூ, 1936 க்குப் பின்னர் முதன்முறையாக, தேசிய லீக் வெற்றியைப் பெற்றது. இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்து வந்த அவ்வெற்றியை அந்நகர மக்கள் எந்த மனத்தோடு கொண்டாடியிருப்பார்கள்! ஜோர்ஜ் ஹன்ரர் பிழைத்தார். அதன் பின்னரும் பல்லாண்டுகள் பந்தயம் ஓடினார்.

என் சக ஆசிரியர் சொன்ன முடிவைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். உயிரோடு விளையாடும் விளையாட்டைக் காசு கொடுத்துப் பார்ப்பது தருமமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் தயாரான மறுமொழி இல்லை. வேறு பல வாலிபர்களும் அவ்வேலிகளிலே மோதி மாண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பெற்றவன் என்ற முறையில் என் மகனை அதிலே ஏற விடமாட்டேன். ஆனால் வேகத்தையே வீரம் என்று எண்ணியிருந்த எனக்கு, கிறேவன் வேலிப் பக்கம் திரும்பிய கதையைப் படித்தபின் அந்த எண்ணம் போய்விட்டது. வேகமாக ஓடுபவர் பலர். அந்த வேகத்திலும் கீழே கிடப்பவன் ஒரு மனிதன் என்பதைக் கை மறவாதிருக்கவேண்டுமே!

பின்னே வந்தவர் முற்றிலும் வேறான மனிதர். நியூசிலாந்தைச் சேர்ந்த ஐவன் மோகர், 1957 இலே பதினேழு வயதில் இளம் மனைவியோடு லண்டனுக்கு வந்து, பெரிதாக ஒன்றும் சாதிக்காமலே ஊர் திரும்பியவர். 1963 இல் மறுபடியும் வந்தார். இம்முறை எதையும் அதிட்டத்திடம் விடவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் தாமே அறிந்தார். எதிராளிகளையும் பாதைகளையும் ஒரு மாணவன் பாடம் படிப்பதுபோல் படித்தார். 1969 இல் பெல் வியூவுக்கு வந்து 1972 வரை ஓடினார். அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை, 1969, 1970, 1972 இல், உலக வீரரானார். 1970 முதல் மூன்று ஆண்டுகள் கழகமும் லீக்கைத் தொடர்ந்து வென்றது. 1968 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகக் கிண்ணத்தை வென்றதற்காக, அமெரிக்க அபிமானிகள் அவருடைய வண்டிக்கே பொன் முலாம் பூசிக் கொடுத்தார்கள். பின்னர் 1977 இலும் 1979 இலும் வென்று ஆறு கிண்ணங்களோடு ஓய்ந்தார்; 2018 இல் காலமானார். கிறேவன்மேல் இருந்த அன்பு மோகர்மேல் இருந்ததா? மதிப்பு இருந்தது, அது நிச்சயம். சில மாணவர்கள் வகுப்பிலே முதலாவதாக வருவார்கள், ஆசிரியருக்குப் பெருமை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனபின் எல்லாரும் நினைத்துச் சிரிப்பது வேறொருவனை.

அந்த வேறொருவன் பீற்றர் கொலின்ஸ். மான்செஸ்ரருக்கு அண்மையிலேயே வளர்ந்த பிள்ளை. கிறேவன் இறந்தபோது ஒன்பது வயது. சகோதரர் ஐவர், ஐவரும் இவ்விளையாட்டிலேயே இறங்கினார்கள் என்றால் அந்தத் தாயாரின் சனிக்கிழமைகளை நினைத்துப்பாருங்கள்! கொலின்ஸ் புறப்படும்போது பின்தங்கினாலும் கவலைப்படமாட்டார். ஹைட் றோட்டின் அகன்ற வளைவுகளிலே, மற்றவர்கள் அஞ்சி விலகும் வேலியோரத்தால் சுற்றி ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டுவார். முன்னே புறப்பட்டு முன்னே முடிப்பவனைவிட, கடைசியிலிருந்து வந்து வெல்பவனைத்தானே சனங்கள் விரும்புவார்கள்.

1976 செப்டெம்பரிலே போலந்தின் ஹோர்சோவ் நகரில், இலட்சம் பேர் திரண்ட மைதானத்திலே, 14 புள்ளிகள் பெற்று அவர் உலக வீரரானார். கிறேவனுக்குப் பின் அக்கிண்ணத்தைப் பெற்ற முதல் ஆங்கிலேயர் அவர். அவரும் பெல் வியூவே. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டிக்குச் சற்று முன் காலிலே பலத்த காயம். இடக்காலை நிலத்தில் ஊன்றியே திரும்பவேண்டிய இவ்விளையாட்டிலே காயப்பட்ட காலோடு ஓடுவது என்ன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சுவீடனின் கொத்தன்பேர்க் நகருக்குப் போய் ஓடினார். மோகருக்கு அடுத்து இரண்டாமிடம். 1982 இலே தம்பி லெஸ் கொலின்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்தார். அதே ஆண்டு பெல் வியூ மறுபடியும் லீக்கை வென்றது.

கொலின்ஸுடன் இணைந்து 1984 இல் உலக இரட்டையர் போட்டியை வென்ற கிறிஸ் மோட்டனையும் இங்கே குறிப்பிடாமல் விட்டால் மான்செஸ்ரர்வாசிகள் கோபிப்பார்கள். 1973 இல் வந்தவர் எண்பதுகளின் பிற்பகுதிவரை அக்கழகத்தைவிட்டு அகலவில்லை. நல்ல விலை கொடுப்பவனிடம் வீரர்கள் போய்விடும் காலத்திலே இது சிறிய காரியமன்று.

மிருகக்காட்சிச்சாலையை 1977 இலே மூடிவிட்டார்கள். களியாட்டத் தோட்டமும் சிறிது சிறிதாக அழிந்தது. மைதானம் மாத்திரம் பத்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1987 நவம்பர் 1 ஆம் திகதி ஹைட் றோட்டிலே கடைசி ஸ்பீட்வே பந்தயம் ஓடியது. பின்னர் மைதானத்தை இடித்துவிட்டார்கள். கிறேவனும் கொலின்ஸும் சரிந்து திரும்பிய வளைவுகள் மோட்டார் வண்டிகளை ஏலத்தில் விற்கும் முற்றமாயின. கழகம், தான் 1928 இலே பிறந்த பழைய நாய்ப் பந்தய மைதானத்துக்கே திரும்பிப்போய், பிறர் வீட்டிலே குடியிருப்பவனைப்போல் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தது. அங்கிருந்தபடியே 1993 இல் ஒரு முறை லீக்கை வென்றது என்பதும் உண்மை.

2016 இலே மான்செஸ்ரரின் கோர்ட்டன் பகுதியில், பழைய இடத்துக்கு அதிக தூரமில்லாமல், தேசிய ஸ்பீட்வே அரங்கு என்னும் பெயரோடு புதிய மைதானம் எழுந்தது. அது எழுவதற்கு முன்னின்று பாடுபட்டவர்களில் ஒருவர் அதே கிறிஸ் மோட்டன். 2022 ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் ஷெபீல்டைத் தோற்கடித்து, 29 ஆண்டுகளுக்குப் பின் ஏசஸ் கழகம் மறுபடியும் நாட்டின் முதற் கழகமாயிற்று. ஆயினும் பழைய இரசிகர்கள் பெரிதாகக் கருதும் கிண்ணம் வேறொன்று. 1964 இலே தொடங்கிய பீற்றர் கிறேவன் ஞாபகக் கிண்ணம் அது. கிறேவன் ஓடியதைக் கண்ணாற் கண்டவர்கள் வெகு சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அப்போட்டியின் இரவிலே அவர்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் நிற்கிறார்கள். நால்வர் நாடாவின் முன் வந்து நிற்கிறார்கள். எஞ்சின்கள் உறுமுகின்றன, மெதனோல் மணம் பரவுகிறது, நாடா மேலே பறக்கிறது.